புது வண்டியும் பழைய பாலும்

மனிதன் ஒரு பொருளை வாங்கும்போது அப்பொருளை மட்டும் வாங்குகின்றான் அல்லன். தன்னைப் பற்றிய ஓர் எண்ணத்தையும் உடன் வாங்கிக் கொள்கின்றான். பொருளின் விலை பற்றுச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். எண்ணத்தின் விலையோ நெடுநாள் கழித்தே தெரியவரும். சென்ற ஆண்டு நான் வாங்கிய ஒரு மிதிவண்டியைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றேன். அதன் சிறப்பையும் குறையையும் சொல்லுவேன். அதன் பொருட்டு என் தாயாரிடம் நான் சொன்ன ஒரு பொய்யையும் சொல்லுவேன். பின்னதைச் சொல்லாவிடின் முன்னதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை.

நான் மலாக்கா மாநிலத்து ஜாசின் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்திலே பிறந்தவன். தாய் தந்தையர் இருவரும் பால்வெட்டுத் தொழிலாளர். தந்தையார் ஒரு ராலே வண்டி வைத்திருந்தார். தோட்டத்துக் கிராணியார் அதனைத் 'துவிச்சக்கர வண்டி' என்று வாய் நிறையச் சொல்லுவார். எங்களுக்கோ அது வெறும் சைக்கிள்தான். முழுதும் எஃகு, ஏறக்குறைய 20 கிலோ எடை, ஒரே பல்சக்கரம். அதன் இருபுறமும் பால் தோம்புகளைக் கட்டித் தந்தையார் ஸ்டோருக்குத் தள்ளிச் செல்வார். காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கும், பள்ளி திறந்தால் என்னை முன்கம்பியில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கும், மாசி மகம் வந்தால் செங் சன்னாசிமலைக்கும் அவ்வண்டியே எங்களுக்குத் தேராயிற்று. மாதத் தவணையில் வாங்கிய வண்டி அது. அத்தவணை தீரும்வரை என் தாயாரின் காதுத் தோடு அடகுக் கடையில் இருந்தது.

நிற்க. நான் படித்து ஆசிரியனாகி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றேன். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர் ஏதேனும் உடற்பயிற்சி செய்யுமாறு பணித்தார். அப்பொழுது அலுமினியத்தாலான ஒரு பந்தய வண்டி வாங்கினேன். எடை 10 கிலோ. ஞாயிறுதோறும் வைகறையில் ஆயர் குரோவிலிருந்து புறப்படும் அன்பர் கூட்டம் ஒன்றிலே சேர்ந்தேன். ஜாசின், பெம்பான் வழியாகச் செம்பனைக் காடுகளை ஊடறுத்து, லேடாங் மலையடிவாரத்து அசகான்வரை சென்று மீள்வோம். 1,276 மீட்டர் உயர்ந்து நிற்கும் அம்மலையின் முகத்திலே இளவெயில் படிவதைக் காண்பதற்கென்றே எத்தனை முறையும் மிதிக்கலாம். நான்கு ஆண்டுகள் அவ்வண்டி எனக்கு யாதொரு குறையும் வைக்கவில்லை. என் சர்க்கரையும் அடங்கியது.

குறை வந்தது வண்டியில் அன்று, என் கண்ணில். கூட்டத்திலே ஒருவர் பின் ஒருவராய்க் கார்பன் வண்டிக்கு மாறினர். தேநீர்க் கடை வாசலில் வண்டிகளைச் சார்த்தி வைக்கும்பொழுது என்னுடையது ஓரத்தில் நிற்கும். எவரும் என்னை இகழவில்லை. ஒருநாள் ஓர் இளைஞர் மட்டும், "ஐயா, இந்த வண்டியை வைத்துக்கொண்டே எங்களோடு வருகிறீர்களே!" என்று வியந்தார். அவர் புகழ்ந்ததாகவே எண்ணியிருப்பார். என் செவியில் அது வேறுவிதமாக விழுந்தது. மாணவர்களுக்குத் தன்மானம் கற்பித்த ஆசிரியனின் தன்மானம் ஒரு தேநீர்க் கடைச் சுவரிலே சாய்ந்து நின்றது!

மூன்று திங்களில் புது வண்டி வாங்கிவிட்டேன். விலை 22,000 வெள்ளி. என் மனைவிக்கு உண்மை தெரியும். "உங்கள் சேமிப்பு, நான் தடுக்கவில்லை. ஆனால் அத்தையிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்," என்றாள். எண்பது வயதைத் தாண்டிய என் தாயார் திண்ணையில் அமர்ந்து வண்டியைப் பார்த்தார். "என்ன விலை தம்பி?" என்றார். "2,200 அம்மா," என்றேன். ஒரே ஒரு சைபரைத்தான் விழுங்கினேன். அதற்கே அவர், "அவ்வளவா?" என்று கேட்டுவிட்டு, வெற்றிலையை எடுத்தார்.

இனி வண்டியைப் பற்றி நேர்மையாகச் சொல்லவேண்டும்.

கார்பன் என்பது கரியே. செயற்கை இழைகளை மிகுந்த வெப்பத்தில் கருக்கி, மயிரினும் பலமடங்கு மெல்லிய கரியிழைகளாக்கி, அவற்றை அடுக்கடுக்காகப் பிசினில் தோய்த்து, அச்சில் இட்டு வேகவைத்து வண்டிச் சட்டம் செய்கின்றனர். எங்கே விறைப்பு வேண்டுமோ அங்கே இழையை ஒரு திசையில் அடுக்கலாம். எங்கே நெகிழ்ச்சி வேண்டுமோ அங்கே வேறு திசையில் அடுக்கலாம். எஃகுக் குழாய்க்கு இவ்வசதி குறைவு. என் வண்டியின் எடை 7.5 கிலோ. உலகப் பந்தயங்களிலேயே 6.8 கிலோவுக்குக் குறைந்த வண்டி கூடாதென்று 2000ஆம் ஆண்டு முதல் விதி இருக்கிறதெனில், கடையில் நிற்கும் வண்டிக்கும் வீரனின் வண்டிக்கும் உள்ள தொலைவு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பதை வாசகர் உணர்ந்துகொள்ளலாம். பல்சக்கரம் மாற்றுவதற்கு இழுகம்பி இல்லை. விரல் நுனியால் ஒரு பொத்தானைத் தொட்டால் மின்சாரம் அவ்வேலையைச் செய்கிறது.

முதல் நாள் ஏறியபோது என் வயதில் இருபது குறைந்ததுபோல் இருந்தது. மிதித்த மிதி வீணாகாமல் உடனே சக்கரத்துக்குச் செல்வதைக் கால் அறிந்தது. ஆயினும் நான் கணக்கு வாத்தியார். களிப்பு ஒருபுறம் இருக்க, கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் எடை 72 கிலோ. பழைய வண்டியோடு 82. புதிய வண்டியோடு 79.5. குறைந்தது நூற்றுக்கு மூன்று பங்கு. மேட்டில் ஏறும்போது அம்மூன்று பங்கு பயன் தரும். சமதரையிலோ நம்மை எதிர்ப்பது பெரும்பாலும் காற்றேயன்றி எடையன்று. காற்றை மறிப்பதும் வண்டியைவிட மனித உடலே மிகுதி. ஆகவே அசகான் சென்று திரும்பும் நேரத்தில் எனக்கு மிஞ்சியவை சில நிமிடங்களே. 22,000 வெள்ளிக்குச் சில நிமிடங்கள்!

அப்படியாயின் நன்மையே இல்லையா? உண்டு. அது விரைவில் இல்லை; சுகத்தில் இருக்கிறது. பழைய வண்டியின் ஒடுங்கிய சக்கரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்குமேல் காற்றடைப்பேன். சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து எண்ணப்படும். புதிய வண்டியின் சக்கரம் 30 மில்லிமீட்டர் அகலம். 60 பவுண்டு காற்றே போதும். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் குழிபறித்த தோட்டச் சாலையிலும் கை மரத்துப்போவதில்லை. மழையிலும் தட்டுத் தடை பிடித்த பிடியில் நிறுத்துகிறது. இவ்விரண்டுக்காக மட்டும் என்றால் இதில் பாதி விலைக்கும் குறைந்த வண்டியே போதுமென்பதையும் இன்று அறிந்திருக்கின்றேன்.

குறைகளும் உள. எஃகு அடிபட்டால் நெளியும். நெளிந்ததைக் கண் காணும். கார்பன் அடிபட்டால் மேற்பூச்சு நன்றாயிருக்க உள்ளே இழை பிரிந்திருக்கக் கூடும். திருகாணியை அளவுக்குமேல் முறுக்கினாலும் விரிசல் காணும். அதற்கென்று அளவு காட்டும் முறுக்கி வேண்டும். தந்தையாரின் வண்டியை எந்தத் தெருக்கோடிக் கடைக்காரரும் பற்றவைத்துத் தருவார். இதற்கு நிபுணரைத் தேடவேண்டும். மின்கலத்துக்கு மின்னேற்ற மறந்தால் பல்சக்கரம் மாறாது. உடையவன் வண்டியை ஆள்கின்றானா, வண்டி உடையவனை ஆள்கின்றதா என்ற ஐயம் எனக்குப் பலமுறை எழுந்ததுண்டு.

இவ்வாறு சில திங்கள் சென்றன. ஒருநாள் மாலை திண்ணையில் வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்துக்கு மருந்து ஊற்றிக் கொண்டிருந்தேன். இப்புதுச் சக்கரங்களுக்குள் டியூப் இல்லை. அதற்குப் பதிலாக ஒருவகை வெண்ணிறத் திரவத்தை ஊற்றி வைக்கின்றனர். முள்ளோ கம்பியோ தைத்தால் அத்துளை வழியே வெளியேறும் திரவம் அங்கேயே உறைந்து துளையை அடைத்துவிடுகிறது. நம் நாட்டு வெப்பத்தில் சில திங்களுக்குள் அது காய்ந்துபோகுமாதலின் மீண்டும் மீண்டும் ஊற்றவேண்டும். நான் புட்டியைக் குலுக்கித் திறந்தேன். உள்ளே வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த தாயார் உலக்கையை நிறுத்தினார்.

"தம்பி, பால் வாடை அடிக்கிறதே?"

வெளியே வந்தார். கண் பார்வை மங்கிய அவர் குனிந்து, தரையில் சிந்திய துளியைச் சுட்டுவிரலால் தொட்டு, பெருவிரலோடு தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க அது நூலாகத் திரண்டது. முகர்ந்து பார்த்தார். "அமோனியாவும் போட்டிருக்கிறான்," என்றார். புட்டியைத் திருப்பிப் படித்தேன். இயற்கை ரப்பர்ப் பால் என்று எழுதியிருந்தது. அமோனியாவும் இருந்தது. தோட்டத்திலே மங்கிலிருந்து வாளிக்கும் வாளியிலிருந்து தோம்புக்கும் மாற்றிய பால் உறையாமலிருக்க எதைச் சேர்ப்பார்களோ, அதுவே. நாற்பது ஆண்டு பால் வெட்டிய விரல், நான் படியாததைப் படித்துவிட்டது!

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பெல்பாஸ்ட் நகரில் தம் சிறுமகனின் முச்சக்கர வண்டி குலுங்காமலிருக்க அவர் செய்த உபாயம் உலகத்துக்கே ரப்பர்ப் பசியை உண்டாக்கிற்று. 1896இல், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லியின் தூண்டுதலால், டான் சாய் யான் என்னும் சீனச் செல்வர் இதே மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிப முறையில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அதன்பின் கங்காணிமார் கடல்கடந்து சென்று நம் பாட்டன் பாட்டிமாரை அழைத்து வந்தனர். 1938இல் இந்திய அரசு அவ்வரவைத் தடுத்தது. மிதிவண்டி ஓடவேண்டுமென்று உலகம் விரும்பியதும் நாம் இந்நாட்டுக்கு வந்ததற்கு ஒரு காரணம் அன்றோ! இன்று எங்கள் பழைய தோட்டத்தில் ரப்பர் இல்லை, செம்பனையே நிற்கிறது, லயமும் இல்லை. ஆனால் அந்தப் பால் மட்டும் ஒரு சிறு புட்டியில் அடைபட்டு, கடைகள் பல ஏறி இறங்கி, என் வீட்டுத் திண்ணைக்கே திரும்பி வந்திருக்கிறது.

மறுநாள் காலை தாயாரின் அருகில் அமர்ந்தேன். "அம்மா, அந்தப் புட்டி 60 வெள்ளி," என்று தொடங்கினேன். அவர் சிரித்தார். "நாங்கள் காண்டாக் கம்பில் வாளி வாளியாகச் சுமந்தோமே, யாரும் அந்த விலை கொடுக்கவில்லையே!" என்றார். பின்னர் வண்டியின் உண்மை விலையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நெடுநேரம் பேசவில்லை. அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

இறுதியில் சொன்னார்: "உன் அப்பா சைக்கிள் வாங்கியபோது என் தோட்டைக் கழற்றிக் கொடுத்தேன். லயம் முழுதும் தெரியும். யாரிடமும் மறைக்கவில்லை, மறைக்க அதில் ஒன்றுமில்லை. உன் பணத்தில் நீ வாங்கினாய். அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன். மறைக்கும்படியான ஒரு சாமானை எதற்காக வாங்கினாய்?"

முப்பது ஆண்டு வினாத்தாள் திருத்திய எனக்கு இவ்வினாவுக்கு விடை தெரியவில்லை. தந்தையாரின் வண்டி குடும்பத்தின் சுமையைச் சுமந்தது. என் வண்டி என் செருக்கைச் சுமந்தது. இரண்டில் எதன் எடை மிகுதி என்று சொல்ல நிறுத்துப் பார்க்கவேண்டியதில்லை.

வண்டியை விற்றுவிட்டேன் என்று எழுதினால் இக்கட்டுரை அழகாக முடியும். நான் விற்கவில்லை. வைகறையில் அசகான் சாலையிலே அது ஓடும் ஓட்டம் இன்றும் எனக்கு இன்பமே, அவ்வின்பத்தையும் மறைக்கமாட்டேன். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய அலுமினிய வண்டியை இறக்கிச் செப்பனிட்டு, நான் முன்பு பணியாற்றிய ஊரில் ஓட்டப் பழக விரும்பிய ஒரு மாணவனுக்குக் கொடுத்தேன். அவன் அதை எங்கும் ஓரத்தில் சார்த்துவதில்லை, நடுவிலேயே நிறுத்துகின்றான்! ஞாயிறன்று யாரேனும் புதிதாக ஒருவர் எளிய வண்டியோடு வந்தால், அவர் வண்டிக்குப் பக்கத்திலே என் வண்டியைச் சார்த்துகின்றேன். விலை கேட்பவர்க்குச் சைபர் குறையாமல் சொல்லிவிடுகின்றேன்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் அன்பர்களே! கைப்பேசியோ, மகிழுந்தோ, மண்டபத்துத் திருமணமோ, எதுவாயினும் ஆகுக. நன்றாக உழைத்தவன் நல்ல பொருளை விரும்புதல் குற்றமன்று. தொழிலாளியின் பிள்ளை தாழ்ந்ததையே வைத்துக்கொள்ள வேண்டுமென்று எந்த நீதியும் இல்லை. ஆயின் வாங்குமுன் ஒன்று செய்யுங்கள். அதன் விலையை, வீட்டில் மூத்தவர் முன் நின்று, வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நா தடுமாறாவிட்டால் வாங்குங்கள். தடுமாறினால், நீங்கள் வாங்கப் போவது அந்தப் பொருளை அன்று என்று அறிந்துகொள்ளுங்கள்.