கருவிளையின் முகம்

தோட்டம் என்றதும் வேலியும் கிணறும் வாழைப்பாத்தியும் நினைவுக்கு வருவது நம்மவர் இயல்பு. சிங்கப்பூரில் பெரும்பாலோர்க்கு அந்தப் பேறு வாய்ப்பதில்லை. வானளாவிய அடுக்குமாடிகளில், வாயிற்கதவுக்கு வெளியே நான்கைந்து தொட்டிகள் வைக்கக் கிடைக்கும் இடமே அவர்களுடைய தோட்டம். இடம் சிறிதாயினும் அதன்மேல் வைத்த அன்பு சிறிதன்று.

செங்காங் வட்டாரம் ஒரு காலத்தில் இரப்பர், மிளகு, அன்னாசித் தோட்டங்களும் மீனவர் குடியிருப்பும் கொண்டு விளங்கியது. 1990களில் அடுக்குமாடிகள் எழுந்து அது புதுநகராயிற்று. அங்கே பத்தாம் மாடியில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்கிறார். தாழ்வாரத்தில் அண்டை வீட்டார் செல்ல 1.2 மீட்டர் அகல வழியை விட்டு, சுவரோரமாகத் துளசியும் நந்தியாவட்டையும் ஒரு நீலச் சங்குக்கொடியும் வளர்க்கிறார். தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிக் காய்ச்சல் பரவும். ஆதலால் நாள்தோறும் தட்டைக் கவிழ்த்துத் துடைப்பது அவர் காலைக் கடன்களுள் ஒன்று.

சில ஆண்டுகளாக அவர் கண்களில் ஒரு குறை. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது. நேரே நோக்கும் பொருளின் ஓரங்கள் தெரிகின்றன, நடுப்பகுதி மங்கிவிடுகிறது. மலரைப் பார்த்தால் இலைகள் தெரியும், மலர் தெரியாது. நீர் வார்த்து வளர்த்த கொடியின் பூவையே காண முடியாமற் போவது எத்துணைத் துயரம்!

குளிர்நாட்டில் வாழும் அவர் மகள், தன் வீட்டுத் தோட்டத்தில் பூத்த கொலம்பைன் மலரைப் படமெடுத்து ஒருநாள் அனுப்பினாள். பேரன் அப்படத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கித் தாத்தாவின் முகத்தருகே பிடித்தான். திரை நிறையப் பெருகிய மலரை அவர் கண்டுகொண்டார்! இலத்தீன் மொழியில் புறாவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அம்மலரின் பெயர். அதைத் தலைகீழாகத் திருப்பினால், ஐந்து புறாக்கள் வட்டமாய்க் கூடியிருப்பது போலத் தோன்றும். இதனை அத்தை எழுதியிருந்தாள்.

“நம் வீட்டுப் பூவுக்குச் சங்கு என்று ஏன் பெயர் வைத்தார்கள், தாத்தா?” என்று பேரன் கேட்டான்.

“படமெடுத்துக் காட்டு, பார்த்துச் சொல்கிறேன்” என்றார் அவர்.

அது எளிய செயலாக இருக்கவில்லை. கொடி ஒளியை நாடித் தாழ்வாரத்துக்கு வெளிப்புறமாகவே பூத்தது. உச்சிவெயிலில் எடுத்த படத்தில் இதழின் நீலம் வெளிறி, நடுவிலுள்ள வெண்மை கண்ணைக் கூசச் செய்தது. மற்றொரு படத்தில் நீலம் ஊதாவாக மாறியிருந்தது. காற்றடித்தபோது மலர் அசைந்து உருவம் கலைந்தது. காத்திருக்கவும் வழியில்லை. காலையில் மலர்ந்த சங்குப்பூ மறுநாளைக்கு நில்லாது. காலை எட்டு மணிக்கு முன், வெயில் மென்மையாய் இருக்கையில், கொடியின் கீழ்ப்பகுதியில் எட்டிய பூ ஒன்றைப் பேரன் தேர்ந்தான். அதன் பின்னே வெள்ளை அட்டையை நிறுத்தினான். திரையில் மலரைத் தொட்டு, ஒளியைச் சற்றே குறைத்து, பக்கவாட்டில் நின்று எடுத்தான்.

அந்தப் படத்தில் விடை இருந்தது. காம்பருகே குறுகி, வாயருகே அகன்று, ஒரு சங்கு சாய்ந்து கிடந்தது. முன்புறமிருந்து எடுத்த படத்தில் மற்றொரு புதுமை தெரிந்தது. அவரை, பட்டாணி முதலியவற்றின் பூக்களில் பெரிய இதழ் மேலே நிமிர்ந்திருக்கும். சங்குப்பூவிலோ அது கீழே விரிந்து கிடக்கிறது. பூவே தலைகீழாய்த் திரும்பியிருக்கிறது. அதில் வந்து அமரும் வண்டின் முதுகில் மகரந்தம் படுவதற்கு ஏற்ற அமைப்பு அது.

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டைப் பல்லாண்டு கற்பித்தவர் அவர். அதிலுள்ள 99 மலர்களின் பெயர்களையும் மாணவரை வரிசையாக ஒப்பிக்கச் செய்தவர். அவ்வரிசையில் வரும் கருவிளை இந்த நீலச் சங்குப்பூதான், செருவிளை வெண்மையானது. உரை நூல்கள் வாயிலாக அவர் அதனை அறிந்தே இருந்தார். ஆயினும் வகுப்பறைக்கு ஒருநாளேனும் ஒரு பூவைக் கொண்டு சென்றதில்லை. மாணவர்கள் பெயரைக் கற்றார்கள், மலரைக் காணவில்லை. கண்கள் நன்றாக இருந்த காலத்தில் தாமும் அதை நின்று நோக்கவில்லை என்பது இப்போது நெஞ்சை உறுத்தியது.

“இதற்குக் கருவிளை என்றும் பெயர் உண்டு. படத்தின் கீழே எழுதிவை” என்றார். பேரன் தமிழில் எழுதத் தயங்குபவன். அன்று எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டு எழுதி, படத்தை அத்தைக்கு அனுப்பினான்.

பெயர்கள் நூல்களில் பிறப்பதில்லை. யாரோ ஒருவர் மலரின் அருகே நின்று, திருப்பிப் பார்த்து, இது புறாப் போன்றது, இது சங்கு போன்றது என்று வியந்தபோது பிறந்தவை அவை. பார்க்கும் பழக்கம் மறைந்தால் பெயர் வெறும் ஒலியாய் எஞ்சும். பார்வை மீண்டால் பெயருக்கும் உயிர் மீளும்.

இப்போது தாத்தாவும் பேரனும் வெள்ளைச் சங்கின் விதைகளைப் பெற்று, ஓரிரவு நீரில் ஊறவைத்து, புதிய தொட்டியில் இட்டிருக்கிறார்கள். செருவிளை பூக்கும் நாளில் அந்த முதியவரின் கண்ணொளி எந்நிலையில் இருக்குமோ, யார் அறிவார்? ஆயினும், பார்த்துப் பெயர் சொல்ல அவ்வீட்டில் ஒருவன் இருப்பான்.