இருதலைக் கொள்ளி தந்தவருக்கு ஒரு திறந்த மடல்

நரைமுடி நெட்டையார் ஐயா,

நரைத்த தலையும் நெட்டை உருவமும்தான் உங்களைப் பற்றி எங்களுக்கு மிஞ்சியவை. அப்புறம் அகநானூற்றில் நீங்கள் பாடிய 339ஆம் பாடல். அதற்கு நன்றி சொல்லவே எழுதுகிறேன்.

அப்பா படுக்கையில் கிடந்த நாட்கள். எனக்கு விடுப்பு முடிந்து சென்னைக்குத் திரும்ப வேண்டும். பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன். "இருதலைக் கொள்ளி எறும்பாட்டம் ஏண்டா தவிக்கிறே?" என்றாள் அம்மா. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். அகநானூறு என்ற பெயரைக் கேட்டிருக்கமாட்டாள். ஆனால் விறகடுப்பு ஊதியவளுக்கு அந்த எறும்பைத் தெரியும்.

பிறகுதான் உங்கள் பாடலைத் தேடிப் படித்தேன். பனிக்காலம். தேர்ச்சக்கரத் தடத்தில் நீர் பாம்புபோல ஓடுகிறது. பொருள் தேடப் புறப்பட்டவனைக் கடமை முன்னே இழுக்கிறது, காதல் தடுக்கிறது. நெஞ்சு மரக்கிளைபோலக் கவைபடுகிறது. இரு முனையும் எரியும் கொள்ளிக்குள் எறும்பு. அது ஒருதலைப்படவில்லை என்கிறீர்கள். தமிழில் ஒருதலை என்றால் ஒரு பக்கம். உறுதி என்றும் பொருள். எந்தப் பக்கமும் போய்ச் சேரவில்லை, எந்த முடிவுக்கும் வரவில்லை, இரண்டையும் ஒரே சொல்லில் வைத்துவிட்டீர்கள். இந்த இடத்தை எத்தனை முறை படித்தேனோ!

மதில்மேல் பூனை என்றும் சொல்கிறோம். அது வேடிக்கை பார்ப்பவர் சொல். எந்தப் பக்கம் குதிக்கும் என்று நமக்குத்தான் தெரியாது, பூனைக்கு வலியில்லை. உங்கள் எறும்புக்கோ இரு பக்கமும் சுடுகிறது. முடிவெடுக்க முடியாமல் நிற்பவனை அந்த உவமை கோழை என்று ஏசவில்லை. இரண்டு பக்கமும் அவனுக்கு உயிர் என்று புரிந்து வைத்திருக்கிறது.

பின்னாளில் மாணிக்கவாசகர் இதே கொள்ளியை நீத்தல் விண்ணப்பத்தில் எடுத்தாண்டார், இறைவனைப் பிரிந்த தவிப்புக்காக. எறும்பை நீங்கள் 'உறவி' என்றீர்கள்; அங்கே அது 'எறும்பு' ஆனது. அந்த எறும்புதான் எங்கள் வீட்டுக் கூடம் வரை வந்திருக்கிறது.

அம்மா அப்படிக் கேட்டபோது, என் தவிப்பு அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. பெட்டியைப் பரண்மேல் வைத்தேன்.

அப்பா அதற்குப் பின் பதினோரு நாள் இருந்தார். பதினோரு நாளும் நான் பக்கத்தில் இருந்தேன்.


உங்கள் வாசகன்