கீற்றுக் கூரையின் பெருமை

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் காந்தி சிலையையும் பிரெஞ்சுக்காரர் மாளிகைகளையும் பார்த்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் கடலோரமாக இன்னும் கொஞ்சம் வடக்கே நடங்கள், குருசுக்குப்பம் வந்துவிடும். குருசு என்றால் சிலுவை. போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். கீற்றுக் குடிசைகள் நெருங்கி நின்ற இந்த மீனவர் குப்பத்தில் இன்று பெரும்பாலும் தளம் போட்ட வீடுகள்தாம்.

"குடிசையில் என்ன கட்டடக் கலை?" என்று கேட்டுவிடாதீர்கள். தென்னோலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பதமானதும் முடைய வேண்டும். கீற்று முடைவது பெரும்பாலும் பெண்கள் கைவேலை. தலை பின்னிப் பழகிய விரல்களுக்கு வேறு பாடம் வேண்டுமா? வேய்வதோ இறவாரத்தில் தொடங்கி முகட்டில் முடியும். மேல் கீற்று கீழ்க் கீற்றின்மேல் படிய வேண்டும், மீனின் செதிளைப் போல. சரிவு செங்குத்தாக இருந்தால்தான் மழைநீர் உள்ளே கசியுமுன் ஓடிவிடும். குனிந்து நுழையும்படி இறவாரத்தைத் தாழ்த்தியிருப்பது வெயிலும் கடற்காற்றும் உள்ளே பாயாமலிருக்க. உப்புக் காற்றில் தகரம் துருப்பிடிக்கும். கீற்றுக்கு அந்தக் கவலை இல்லை. அடுப்புப் புகைகூட வீண்போவதில்லை, பூச்சியை விரட்டும்.

லண்டன் கியூ தோட்டத்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ராணி சார்லட்டுக்கும் ஒரு கூரை வீடு உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. ராஜ குடும்பம் உலாவ வந்தால் அங்கே இளைப்பாறிச் சிற்றுண்டி அருந்தும். இருட்டினால் அரண்மனை இருக்கவே இருக்கிறது! புதுச்சேரிக்கு அருகிலேயே, 1968-இல் ஆரோவில் பிறந்தபோது, முதலில் குடியேறிய பல தேசத்தாரும் சவுக்குக் கழியும் கீற்றும் கொண்டு குடில் போட்டுத்தான் தங்கினார்கள்.

குப்பத்துப் பெண்ணுக்கு அது விளையாட்டல்ல. இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை கூரை மாற்றப் பணம் புரட்ட வேண்டும். சித்திரை வெயிலில் அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் போதும், தெருவே சாம்பல். புயலென்றால் கேட்கவே வேண்டாம். 1916 நவம்பரில் வீசிய புயலின்போது பாரதியார் புதுச்சேரியில்தான் இருந்தார். தப்பிய தோப்பொன்றைப் பற்றி 'பிழைத்த தென்னந்தோப்பு' என்று பாட்டே எழுதினார். 2011 டிசம்பர் 30-இல் 'தானே' புயலும் இந்தக் கரையைப் புரட்டிவிட்டுத்தான் போனது. தளத்துக்கு மாறியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்; குழந்தைகள் பயமின்றித் தூங்குகிறார்களே!

முடைந்த கீற்றைக் கையில் எடுத்துப் பார்க்கக் குப்பம் வரை போகவேண்டுமென்பதுகூட இல்லை. உங்கள் தெருவில் அடுத்த கல்யாணத்துக்குக் கீற்றுப் பந்தல் போட்டால், ஏற்றுவதற்கு முன்பே ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். ஓரத்து மட்டையிலிருந்து பின்னல் எப்படிப் புறப்படுகிறதென்று கண்டுபிடிக்கக் கால் மணி நேரமாவது ஆகும்.