பல குரலில் ஒரு பாட்டு

மலாக்கா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில், அது அலோர் காஜாவாயினும் ஜாசினாயினும், காலைச் சபைகூடலில் பிள்ளைகள் அனைவரும் வாய் திறந்து பாடுவர். பாட்டுப் போட்டி என்று வந்துவிட்டாலோ நிலைமை மாறிவிடும். குரல் வாய்த்த பிள்ளை முன்னே நிறுத்தப்படும். குரல் வாய்க்காத பிள்ளைக்குப் பின்வரிசை. உதட்டை அசைத்தால் போதும் என்ற அறிவுரையும் கிடைக்கும். அப்படி ஒருமுறை வாயடைக்கப்பட்ட பிள்ளை பெரியவனாகியும் பாடத் துணிவதில்லை. அவனது பாட்டி பால்மரக் காட்டில் யாரிடமும் அனுமதி கேட்டுப் பாடியவள் அல்லள்.

தேர்ந்த பாடகர் அல்லாதாரைக் கூட்டிவைத்துப் பாடச் செய்ததையே தம் பெருந்தொண்டாகக் கொண்ட இசையமைப்பாளர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். எம்.பி. சீனிவாசன் என்பது அவர் பெயர். எம்.பி.எஸ். என்றே அறியப்பட்டவர். பெயரின் முதலெழுத்து மானாமதுரையைக் குறிக்கும். கடம் செய்யும் மண்ணுக்குப் பேர்போன ஊர் அது. பிறந்ததோ சித்தூரில், 1925 செப்டம்பர் 19ஆம் நாள். மாணவப் பருவத்திலேயே பொதுவுடைமை இயக்கத்தில் ஈடுபட்டார். விடுதலைப் போராட்டத் தலைவர் சைஃபுதீன் கிச்சுலுவின் மகள் சாகிதாவை மணந்தார். சாதி, மதம், மொழி ஆகிய மூன்று வேலிகளையும் ஒருங்கே தாண்டிய திருமணம் அது.

1960இல் நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ திரைப்படத்திற்கு அவர் இசையமைத்தார். தொழிலாளர் வாழ்வைப் பேசிய அப்படம் அரசின் நற்சான்றிதழைப் பெற்றது; திரையரங்கில் தோற்றது. எனினும், ஜெயகாந்தன் எழுதிய ‘தென்னங்கீற்று ஊஞ்சலிலே’ மட்டும் தோற்கவில்லை. தமிழ்த் திரையுலகம் அவரை அதிகம் பயன்படுத்திக்கொள்ளாதது தமிழர்க்கே இழப்பு. மலையாளிகள் பயன்படுத்திக்கொண்டனர். கே.ஜே. யேசுதாசை 1961இல் முதன்முதலாகத் திரைக்குப் பாடவைத்தவர் அவரே. அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘சுயம்வரம்’, ‘எலிப்பத்தாயம்’ ஆகிய படங்களின் இசையும் அவருடையதே. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’ படத்தில் கழுதைக்குட்டியை வளர்க்கும் பேராசிரியராக நடித்தவரும் இவர்தாம். திரையிசைக் கலைஞர்களுக்கென ஒரு சங்கம் அமைய முன்னின்றார். வயலினுக்குப் பின்னால் இருந்த பெயரற்ற மனிதரின் கூலியும் அவருக்கு இசையைச் சார்ந்த செய்தியாகவே பட்டது.

ஆயினும் அவர் தம் உயிரை வைத்தது சேர்ந்திசையில். 1970களின் தொடக்கத்தில் உருவான சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவில் மாணவரும் அலுவலகப் பணியாளரும் சேர்ந்து பாடினர். மேலைநாட்டில் இத்தகைய குழுவின் முன்நின்று கையசைத்து நடத்துபவருக்கு மிகுந்த மதிப்புண்டு. தமிழில் ‘நடத்துநர்’ என்றால் பயணச்சீட்டுத்தான் நினைவுக்கு வருகிறது! நமக்கு அச்சொல் இல்லாததற்குக் காரணம் உண்டு. நம் மரபிசை ஒற்றை இழையில் ஓடுவது. பாடகர் ஒருவர் இராகத்தை வளர்ப்பார். பக்கவாத்தியம் அவரைத் தொடரும். பலர் சேர்ந்து பாடும் பஜனையிலும் கும்மியிலும்கூட எல்லாரும் ஒரே மெட்டையே பாடுவர். மேலைச் சேர்ந்திசையிலோ பெண்குரலில் உச்சமும் தாழ்வும், ஆண்குரலில் உச்சமும் தாழ்வும் என நான்கு பிரிவுகள் அமையும். ஒவ்வொரு பிரிவும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சுரங்களில் செல்லும். அவை இசைந்து ஒலிக்க வேண்டும்.

இவ்விரண்டையும் இணைப்பது எளிதன்று. இரண்டாம் குரல் இராகத்திற்குப் புறம்பான சுரத்தைத் தொட்டால் இராகம் சிதையும். தொடாமலே இருந்தால் இசைவு வெறுமையாகும். எம்.பி.எஸ். பாரதியின் பாடல்களை இம்முறையில் அமைத்தபோது இந்தக் கயிற்றின்மேல்தான் நடந்தார். எல்லா இடத்திலும் வென்றார் என்று சொல்வது புகழ்ச்சியாகும். ஆனால் ஓர் அடியை ஆண்குரல் தொடங்க, அது முடியுமுன்னரே பெண்குரல் மற்றோர் உயரத்தில் அதை ஏந்திக்கொள்ளும்போது, பாரதி பாடிய ‘நாம்’ என்னும் சொல்லுக்குத் தனிக்கச்சேரியில் கிட்டாத பொருள் கிட்டிவிடுகிறது.

இம்முறையில் கட்டைக்குரல் குற்றமன்று. அதற்கும் ஓர் அடுக்கு உண்டு. அக்குரல் விலகினால் மேலே பாடும் இனிய குரல் நிற்க இடமின்றித் தவிக்கும். பக்கத்தில் நிற்பவன் பாடுவதைக் காதால் கேட்டுக்கொண்டே, அவன்பால் இழுபடாமல் தன் சுரத்தைக் காக்கவேண்டும். ஆசிரியருக்கு இதில் பொறுமையைத் தவிர வேறு முதலீடு தேவையில்லை. ஆர்மோனியம் ஒன்று இருந்தால் நலம்.

மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. பெரட்டுக்களத்தில் ஒன்றாக நின்ற குடும்பங்கள் நகரத்து அடுக்குமாடிகளில் பிரிந்து வாழ்கின்றன. மாணவர் குறைந்த பள்ளிகளில் பெரிய குழு அமைக்க ஆள் ஏது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஆனால் இரண்டு பிரிவுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள் போதும்.

எம்.பி.எஸ். 1988 மார்ச் 9ஆம் நாள் இலட்சத்தீவில் காலமானார். சென்னையில் அவர் பழக்கிய குழுவினர் அவருக்குப் பின்னும் கூடிப் பாடினர். முன்னே நின்று கையசைக்க அவர்களிலிருந்தே ஒருவர் வந்தார்.