மணலும் ஒரு சிறு துளையும்

புளியந்தீவிலே பிறந்தவனுக்கு மணல் புதியதன்று. வாவி சூழ்ந்த இத்தீவிலிருந்து பாலங்கடந்து கோட்டைமுனைக்கும், அங்கிருந்து கல்லடிப் பாலத்தின் வழியே கல்லடிக்கும் சென்றால், டச்பாருக்கு அப்பால் நாவலடி வரும். ஒரு புறம் கடல், மறுபுறம் வாவி, இடையே ஒடுங்கிய மணற்றிட்டு. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை பேரழிவு செய்த கரை அது. அக்கரையோரத்தில் விடியற்பொழுதிற் கரையேறும் மீனை வாங்கிப் பெட்டியிற் கட்டி, மணலைக் கடந்து வீதிக்கேறி ஊர்ஊராக விற்பது என் தந்தையாரின் தொழில். அத்தொழிலில் அவருக்குத் துணை, பழையதொரு ரூ ஸ்ரோக் மோட்டார் சைக்கிள். அதனை நான் ஒருமுறை பழுதாக்கினேன். அந்தக் கதையையே இங்கு எழுத விழைகின்றேன்.

கலைப்பீட மாணவனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என்று நண்பர்கள் வினவக்கூடும். உறவு ஏற்பட்டது மலைநாட்டிலேதான். நுவரெலியாவைச் சேர்ந்த நண்பன் ஒருவனிடமும் ரூ ஸ்ரோக் வண்டி ஒன்று இருந்தது. அது கரும்புகை கக்கிக்கொண்டு இழுக்கமாட்டாமல் நின்றபோது, காபுரேற்றரின் மெயின் ஜெற்றைக் கழற்றிச் சிறிய துளையுடைய வேறொன்றைப் பூட்டினான். புகை குறைந்தது, வண்டி பாய்ந்தது, பெற்றோலும் மீந்தது. ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள அந்நகரிற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறிலொரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தவிடத்துப் பெற்றோலும் குறையவேண்டும். நண்பன் செய்தது முற்றிலும் சரி. நான் அதன் பயனை மனத்திற் பதித்துக்கொண்டேன், காரணத்தைப் பதிக்கவில்லை.

2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சம் வந்தது. விரிவுரைகள் இணையவழிக்கு மாற, நான் ஊர் திரும்பினேன். ஓகஸ்ற் மாதத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்ற பங்கீடு நடைமுறையில் இருந்தது. தந்தையாரின் தொழிலுக்கு அது எம்மாத்திரம்? உதவி செய்யும் ஆர்வத்தோடு, அவர் உறங்கிய ஒரு பிற்பகலில், 95 என்று இலக்கம் பொறித்த ஜெற்றை எடுத்துவிட்டு 85 ஐப் பூட்டினேன். அவ்வண்டியின் ஓயில் பம்பி முன்னரே பழுதாகியிருந்தமையாற் பெற்றோலிலேயே ஓயிலைக் கலந்து ஊற்றுவது வழக்கம். பாதுகாப்பு எனக் கருதி, அந்த ஓயிலையும் சற்றுக் கூட்டினேன். வீதியில் ஓட்டிப் பார்த்தேன். குறையொன்றும் தெரியவில்லை. தந்தையாரிடம் ஒன்றும் கூறவில்லை.

மூன்றாம் நாட் காலை, நிறைந்த மீன்பெட்டியோடு மணலில் வந்துகொண்டிருந்தபோது எஞ்சின் இறுகிப் பின்சில்லு பூட்டிக்கொண்டது. தந்தையார் வண்டியை வீதிவரை தள்ளி வந்தார். அன்றைய மீன் கருவாடாயிற்று. “மணல்ல கூட முறுக்கிப்போட்டன் போல” என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். நான் வாய் திறக்கவில்லை. இரண்டு நாட்கள் அந்த மௌனத்தோடு உண்டு உறங்கினேன்.

கராச்சில் வயதான மெக்கானிக் முதலிற் பிளக்கைக் கழற்றினார். அது சுண்ணாம்புபோல் வெளுத்திருந்தது. பின்பு சிலிண்டரைத் திறந்தார். பிஸ்ரனின் பக்கங்களில் நெடுங்கீறல்கள். அதன்பின் ஜெற்றை எடுத்து வெளிச்சத்திற் பிடித்து இலக்கத்தை வாசித்தார். “இத ஆர் மாத்தின?” என்ற கேள்விக்குப் பிறகு மறைக்க எதுவும் இருக்கவில்லை.

“தம்பி, வீதிக்கு இது ஒருவேளை காணும். மணலுக்குக் காணாது” என்று தொடங்கி அவர் விளக்கியவற்றை எந்த விரிவுரையிலும் நான் இவ்வளவு கூர்ந்து கேட்டதில்லை. மணலிற் சில்லு புதையும், வேகம் குறையும், அக்சிலேற்றரோ முழுதாகத் திறந்திருக்கும். அந்நிலையிற் பெற்றோலை அளந்து விடுவது மெயின் ஜெற்தான். வண்டி மெதுவாகச் செல்வதாற் சிலிண்டரைக் குளிர்விக்கும் காற்றும் குறைவு. ஜெற்றினூடு வரும் பெற்றோல் எரிவதற்கு மட்டுமன்று. ஆவியாகி உள்ளே வெப்பத்தைத் தணிப்பதும் அதுவே, பிஸ்ரனுக்கு ஓயிலைச் சுமந்து வருவதும் அதுவே. துளையைச் சிறிதாக்கியபோது மூன்றையும் ஒருங்கே குறைத்துவிட்டேன். ஓயிலைக் கூட்டியதும் பிழையே. அதே துளையில் ஓயில் மிகுந்தாற் பெற்றோல் அந்த அளவுக்குக் குறையும். கலவை மேலும் வறண்டுபோகும்.

அவர் சிலிண்டரைக் கடைந்து, பருத்த பிஸ்ரன் இட்டு, 100 ஆம் இலக்க ஜெற்றைப் பூட்டினார். ஊசியின் பூட்டை ஒரு பள்ளம் கீழிறக்கி, ஊசியை உயர்த்தினார். பின்னர் மணலிலே முழு விசையில் ஓட்டச் செய்து, சட்டென எஞ்சினை நிறுத்திப் பிளக்கைப் பார்த்தார். வெண்மை, பட்டினி, ஈரக் கருமை, அசீரணம், இளந்தேயிலைச் சாய நிறமே ஆரோக்கியம். மேலைநாடுகளில் நான்கு சில்லு ரூ ஸ்ரோக் வண்டிகளில் மணல்மேடுகளை விளையாட்டாக ஏறுவோரும் கைக்கொள்ளும் விதி இதுவே. ஆனால் அவர்களுக்கு அது விளையாட்டு, எங்களுக்கு உலை.

வண்டி மீள 17 நாட்களாயின. நான் மிச்சம்பிடித்த பெற்றோல் ஒரு போத்தலும் இராது. தந்தையார் கோபிக்கவில்லை. “ஒரு சொல் கேட்டுச் செஞ்சிருக்கலாமே, மனே” என்றார், அவ்வளவே.

அச்சொல்லை நான் இன்றும் எண்ணிப் பார்க்கின்றேன். மலையில் உண்மையாயிருந்தது கடற்கரையிற் பிழையாயிற்று. உண்மை மாறவில்லை, அது நிற்கும் நிலம் மாறியது. ஓரிடத்திற் கற்றதை இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வோர், அவ்விடத்து மணலை நாள்தோறும் மிதிப்பவரிடம் முதலிற் கேட்டறிதல் வேண்டும். அன்றியும், பஞ்சகாலத்திற் சிக்கனம் நல்லதே; ஆனால் மிகக் கடினமாக உழைப்பதன் வாயிலிருந்து பிடுங்கிச் சேர்ப்பது சிக்கனமாகாது. அந்த 85 ஆம் இலக்க ஜெற் இப்பொழுது என் மேசையில், புத்தகங்களின் அருகே கிடக்கின்றது.