இடது காலுக்கு என்ன வேலை?

"கிளட்ச் பெடல் இல்லாததெல்லாம் ஒரு ஸ்போர்ட்ஸ் காரா?" காலேஜ் கேன்டீனில் நான் இப்படி சவுண்டு விட, ரூம் மேட் ஒரே கேள்வியில் ஆஃப் பண்ணினான். "நீ எந்த ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியிருக்க?"

நான் ஓட்டியது மாமாவோட பழைய மாருதி 800 மட்டும்தான் பாஸ். மேம்பாலத்து ஏத்தத்தில் வண்டி ஆஃப் ஆகும். பின்னாடி பஸ்காரர் ஹாரனிலேயே திட்டுவார். மூணு வாரம் இதே கதை. ஒரு நாள் கிளட்ச்சைப் பாதி விட்டதும் வண்டி லேசாக மூக்கைத் தூக்கியது. பின்னால் ஒரு இன்ச் நகராமல் ஏறிப் போயிட்டோம். மாமா ஒண்ணும் சொல்லலை. ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சிருந்த கையை எடுத்தார். அன்னிக்குப் பிடிச்ச பைத்தியம்தான் இது.

ரூம் மேட்டுக்கு நம்பர்தான் முக்கியம். "1989 பிரேசில் ரேஸ் தெரியுமா?" என்று ஆரம்பிப்பான். ஸ்டீயரிங்குக்குப் பின்னாடி இருக்கும் பேடிலைத் தட்டினால் கியர் மாறும் முதல் ஃபெராரி எஃப்1 கார் ஓடிய முதல் ரேஸ் அது. ஜான் பர்னார்டு டிசைன். பிராக்டீஸில் அடிக்கடி மக்கர் பண்ணிய கார். சீக்கிரம் வெளியேறிடுவோம் என்று நினைச்சு நைஜல் மான்செல் முன்கூட்டியே கிளம்பும் ஃபிளைட்டில் டிக்கெட் போட்டிருந்தாராம். ஜெயிச்சுட்டார்!

என் கையில் இருக்கும் பதில் 1991. அதே பிரேசில், ஆனா இன்டர்லாகோஸ். கையால் கியர் போடும் மெக்லாரனில் அயர்ட்டன் சென்னா. ஒவ்வொரு கியராகக் கழன்று, கடைசிச் சுற்றுகளில் ஆறாவது மட்டும்தான் மிச்சம். மெதுவாகத் திரும்ப வேண்டிய வளைவுகளிலும் அதே ஆறாவது கியர்! சுமார் 3 செகண்ட் வித்தியாசத்தில் ஜெயிச்சார். காரை விட்டு அவரால் தானாக எழுந்திருக்க முடியலை. அதே ரேஸில் மான்செலின் வில்லியம்ஸ், செமி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கெட்டுப் பாதியில் நின்றது.

"சரி, அடுத்த வருஷம்?" என்பான். 1992இல் சாம்பியன் மான்செல். அதே செமி ஆட்டோமேட்டிக் வில்லியம்ஸ். நான் காபியைக் குடிப்பேன்.

உண்மையைச் சொல்லணும். ரோட்டிலும் கம்ப்யூட்டர் ஜெயிச்சு ரொம்ப நாளாச்சு. டூயல் கிளட்ச்சில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. மூணாவதில் ஓடும்போதே நாலாவது ரெடியாக மாட்டிக்கிட்டு நிற்கும். ஒன்று விட, இன்னொன்று பிடிக்க, இழுவை அறுவதே இல்லை. அஞ்சிலிருந்து நாலுக்குப் போறதா நினைச்சு ரெண்டில் தள்ளி இன்ஜினை உடைக்கவும் முடியாது. கம்ப்யூட்டர் விடாது.

2013இல் போர்ஷே தன் 911 ஜிடி3 காரை டூயல் கிளட்ச்சில் மட்டும் விற்றது. ரசிகர்கள் கொந்தளிச்சாங்க. 2016இல் 911 ஆர் வந்தது. மேனுவல் மட்டும். மொத்தமே 991 கார்கள். அந்த ஜிடி3யை விட வெயிட் குறைவு, 25 குதிரைசக்தி அதிகம். ஆனா 100 கி.மீ. வேகத்தைத் தொட ஜிடி3க்கு 3.5 செகண்ட், இதுக்கு 3.8. பவர் அதிகமிருந்தும் லேட்! அதைத்தான் அசல் விலையைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்கினாங்க. அடுத்த வருஷமே ஜிடி3யிலும் மேனுவலைத் திருப்பிக் கொண்டுவந்தது போர்ஷே.

"காசு கொடுத்து 0.3 செகண்டைத் தொலைக்கிறவனைப் பார்த்திருக்கியா?" என்று சிரிப்பான் அவன். எனக்குச் சிரிப்பு வராது. அந்த 0.3 செகண்டில்தான் ஓட்டுறவனுக்குக் கொஞ்சம் வேலை இருக்கு. தப்பு பண்ணவும் இடம் இருக்கு.

போன தீபாவளிக்கு மாமா ஆட்டோமேட்டிக் வாங்கிட்டார். முட்டி வலி. தினமும் டிராஃபிக்கில் கிளட்ச் மிதிக்கிற மனுஷன்கிட்ட போய், கையால் கியர் போடுற சுகத்தைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரலை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனேன். அந்த மேம்பாலத்து ஏத்தத்தில் வண்டி நின்றது. பார்த்தால், மாமாவோட இடது கால் இல்லாத கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டிருக்கு.