குக்கரும் லாரியும்

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு விசிலுக்காகக் காத்திருந்த அநுபவம் உங்களுக்கு நிச்சயம் உண்டு. கால் மணி ஆகிறது, அரை மணி ஆகிறது. விசில் வருகிற வழியாக இல்லை. மூடி ஓரத்தில் மட்டும் 'உஸ்... உஸ்...' என்று ஆவி போய்க்கொண்டிருக்கிறது. அரிசி அரிசியாகவே இருக்கிறது. உடனே புதுக் குக்கர் வாங்கக் கடைக்கு ஓடுகிறீர்களா? மாட்டீர்கள். ரப்பர் கேஸ்கட்டை எடுத்துப் பார்ப்பீர்கள். வெயிட்டை ஊதிப் பார்ப்பீர்கள். எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் மறு வேலை.

இந்தச் சாதாரண புத்தி, ஒரு லாரி விஷயத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் வராமல் போயிற்று. அதனால் என் அக்காவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக் கடைப் படியை மிதிக்க இருந்தது. "லாரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர் நாமக்கல். அங்கே தடுக்கி விழுந்தால் ஒன்று கோழிப் பண்ணையில் விழ வேண்டும். இல்லாவிட்டால் லாரிப் பட்டறையில் விழ வேண்டும். மாமா, லாரி புக்கிங் ஆபீஸில் பல வருஷம் கணக்கு எழுதியவர். லாரிக் கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். லாரிதான் தெரியாது! சில வருஷங்களுக்கு முன்பு, நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினுடன் பழைய லாரி ஒன்று மலிவாக வந்தது. அக்கா தன் நாலு வளையல்களையும் கழற்றிக் கொடுத்தாள்.

மத்தியானம் போய்ப் பார்த்தார்களாம். சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் வண்டி புறப்பட்டதாம். கொஞ்சம் உதறியது. "பழைய வண்டி, ஆடத்தானுங்க செய்யும்" என்றார் விற்றவர். மாமாவும் தலையை ஆட்டினார்.

மறுநாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் சுற்றுகிறது, சைலென்ஸரில் வெள்ளைப் புகை வருகிறது, அதோடு சரி. தெருவே கூடித் தள்ளினால் சில நாள் உறுமும்; சில நாள் அதுவும் இல்லை. முதலில் வந்த மெக்கானிக் சிறிது நேரம் காது கொடுத்துக் கேட்டார். "கம்ப்ரஷன் இல்லீங்க. எஞ்சினை இறக்கி ரிங், பிஸ்டன், லைனர் எல்லாம் புதுசாப் போடோணும்" என்று ஒரு தொகையைச் சொன்னார். அடேயப்பா! நான் லீவில் அங்கே போய் இறங்கிய தினம் அதுதான். அன்று இரவு அக்கா ஒரு வார்த்தை பேசாமல் சங்கிலியைக் கழற்றி மாமாவின் தலையணை அருகே வைத்தாள். மாமா சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "காய்ச்சலுக்கே இரண்டு டாக்டரைப் பார்க்கிறோம், மாமா. இதற்கு இன்னொருவரைக் கேட்டால் என்ன?"

அடுத்த தெருவிலிருந்து வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு பை. வந்தவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. பாட்டரியைப் பார்த்தார். காற்று வடிகட்டியைத் தட்டிப் பார்த்தார். டீசல் குழாயைத் தளர்த்தி, காற்றுக் குமிழி இல்லாமல் எண்ணெய் வருகிறதா என்று பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றச் சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சத்தம் ஒரே சீரா இல்லை, கேட்டீங்களா அம்மணி? ரெண்டு அடி கனமா இருக்குது, ரெண்டு அடி லேசா ஓடுது. வெள்ளைப் புகை வருதில்ல? டீசல் உள்ளே போகுதுன்னு அர்த்தம். எரியலை, அவ்வளவுதான்."

"ஏன் எரியவில்லை?" என்றேன்.

"சைக்கிளுக்குக் காத்து அடிச்சிருக்கீங்களா? பம்பு அடிப்பக்கம் சுடும் இல்லீங்களா? அதேதான்."

அவர் சொன்னதன் சாரம் இது. பெட்ரோல் எஞ்சினில் நெருப்புப் பொறி வைக்க ஒரு பிளக் உண்டு. டீசல் எஞ்சினில் அது கிடையாது. 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ஃப் டீசல் ஓட்டிக் காட்டிய காலத்திலிருந்து தத்துவம் ஒன்றுதான். சிலிண்டருக்குள் புகுந்த காற்றை, பிஸ்டன் ஏறக்குறைய 16-ல் ஒரு பங்காக நெருக்குகிறது. நெருக்கிய நெருக்கில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தெளித்த டீசல் தானே பற்றிக்கொள்கிறது. காற்று எங்கேயாவது ஒழுகினால் நெருக்கம் குறையும். நெருக்கம் குறைந்தால் சூடு குறையும். டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாகப் போகும். கேஸ்கட் போன குக்கரில் அரிசி வேகாத கதை!

பெரியவர் நாலு நாசில்களையும் கழற்றினார். அந்த ஓட்டைகளில் ஒவ்வொன்றாக அளவு கேஜைப் பொருத்தி வண்டியைச் சுற்றச் சொன்னார். முதல் சிலிண்டர் 25 கிலோ. நாலாவது 24. இரண்டாவது 14, மூன்றாவது 13!

"பக்கத்துப் பக்கத்துலே ரெண்டு குறையுது" என்று முணுமுணுத்தார். அந்த இரண்டிலும் சிறு பாலாடை அளவு எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தார். முள் அசையவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடுக்கை அடைத்து, முள் மேலே ஏறியிருக்குமாம்.

கடைசியாக டயர்க் கடையிலிருந்து காற்றுக் குழாய் வந்தது. மூன்றாவது சிலிண்டருக்குள் காற்றைச் செலுத்தினார். "இனிக் கண்ணுக்கு வேலையில்லை, காதுக்குத்தான். ஆயில் ஊத்துற மூடியிலே சீறினா ரிங். காத்து வடிகட்டியிலே சீறினா உள் வால்வு. சைலென்ஸர்லே சீறினா வெளி வால்வு" என்றார்.

ஆயில் மூடியில் சத்தமே இல்லை. இரண்டாவது ஓட்டையின் மேல் என் விரலை வைக்கச் சொன்னார். குளிர்ந்த காற்று ஜிவ்வென்று விரலைத் தள்ளியது. மூன்றாவதில் விட்ட காற்று இரண்டாவதில் வருகிறது! அதே சமயம், அதுவரை வாசற்படியில் நின்ற அக்கா கூவினாள்: "ஏனுங்க, ரேடியேட்டர்லே தண்ணி கொப்பளிக்குதுங்க!"

பெரியவர் சிரித்தார். "நோய் தெரிஞ்சு போச்சு. ஹெட் கேஸ்கட்டுங்க. ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுலே எரிஞ்சு போயிருக்குது."

ஹெட்டைக் கழற்றியபோது அந்த இடம் கருகியிருந்ததை நானே பார்த்தேன். என்றோ தண்ணீர் வற்றிச் சூடேறி, ஹெட்டும் லேசாக வளைந்திருந்தது. லேத் பட்டறையில் அதைச் சமன் செய்து, புதுக் கேஸ்கட் வைத்து மூடினார்கள். முதலில் கேட்ட தொகையில் எட்டில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, ஒருவரும் தள்ளாமல் லாரி புறப்பட்டது.

முதல் மெக்கானிக் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கம்ப்ரஷன் இல்லை என்றது வாஸ்தவம்தான். காய்ச்சல் என்று சொன்னார். எதனால் என்று பார்க்கவில்லை. விற்றவர் சங்கதி வேறு. நாங்கள் போகுமுன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார். சூடான எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும்.

ஆகவே சகோதரிகளே, உங்கள் வீட்டில் பழைய வண்டி வாங்கப் புறப்பட்டால் காலையில் போகச் சொல்லுங்கள். சாவியைத் திருப்புமுன் எஞ்சினைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்; வெதுவெதுப்பாக இருந்தால் ஆறும் வரை காத்திருக்கட்டும். "எஞ்சின் போச்சு" என்று யார் சொன்னாலும், எந்தச் சிலிண்டரில் எவ்வளவு என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். சங்கிலியைக் கழற்றுவது அதற்கு அப்புறம்.

வளையல்கள் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. சங்கிலி மட்டும் அக்காவின் கழுத்தை விட்டு இறங்கவில்லை. லாரி புறப்பட்ட அன்றைக்கே அவள் கடைவீதிக்குப் போய் ஒரு காரியம் செய்தாள்.

வேறென்ன? குக்கருக்குப் புதுக் கேஸ்கட் வாங்கி வந்தாள்!